நூற்றைம்பது சரிக்குறிகள்

இல்லை என்று சொல்வதே அவமானமாக இருக்கும் ஓர் ஊரில், யாருக்கும் பங்கு வைக்கக் கூடாத ஒரு பொருளை ஒரு மனுஷியின் கையில் கொடுத்துவைத்தால் என்ன ஆகும்? அரியேத்தாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலத் தோன்றுகிறது. அவள் அதை ஒருநாளும் கேள்வியாக எண்ணியதில்லை. அவளுக்கு அது வேலை.

அபெமாமா தீவின் தென்முனைக் கிராமத்தில், மருந்தகம் என்று பேர் பெற்ற ஒற்றை அறைக்கு அவள் உதவியாளராக இருந்தாள். தீவுக் கவுன்சில் கொடுத்த வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவாள், குழந்தைகளை எடை போடுவாள், காலையில் காசநோய்க்காரர்களின் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பாள். மாத்திரைகள் இந்தியாவில் செய்தவை. எந்தெந்த நாட்டார் பணமோ சேர்ந்து வாங்கி, பிஜி வழியாகத் தலைநகர் தாராவாவுக்கு அனுப்பி, அங்கிருந்து செவ்வாய்க்கிழமை விமானத்தில் அட்டைப்பெட்டியாக இங்கே வந்து இறங்கும். அந்தப் பெட்டியோடு ஒரு கட்டளையும் வந்தது. நோயாளி மாத்திரையை விழுங்குவதை நீ கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின் மஞ்சள் அட்டையில் அன்றைய கட்டத்தில் ஒரு சரிக்குறி போட வேண்டும். மாதத்துக்கு ஒரு வரிசை, ஆறு வரிசை. அவ்வளவுதான்.

அந்த அட்டையை அச்சடித்தவர்களுக்குப் புபுசி என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. புபுசி என்று சொல்லிச் சொந்தக்காரன் ஒருவன் கேட்டுவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். படகைக் கேட்கலாம், பன்றியைக் கேட்கலாம், உடுத்தியிருக்கும் புதுத் துணியைக்கூடக் கேட்கலாம். கேட்பவனுக்கு அதில் கூச்சம் கிடையாது, மறுப்பவனுக்குத்தான் தலைகுனிவு. மழை பொய்த்துக் கிணறெல்லாம் உப்பான வருஷங்களில் இந்த மணல்திட்டில் ஆட்கள் பிழைத்துக் கிடந்தது இப்படித்தான். ஆகவே அதைக் குறை சொல்வதும் அத்தனை சுலபமில்லை.

அந்த வருஷம் தென்முனையில் இருந்த காசநோய்க்காரன் ஒருவன்தான். அவன் பேர் தெபானோ. அரியேத்தாவின் கணவன் பவுரோவுக்குத் தம்பி. நல்ல பாட்டுக்காரன். ஊர் மன்றத்தில் அவன் குரல் எடுத்தால் ஆடுகிறவர்களின் கை தானாக உயரும் என்பார்கள். இருமி இருமி அந்தக் குரல் போய், நெஞ்சுக்கூடு தெரியும் அளவுக்கு இளைத்து, சளியில் ரத்தம் கண்டபிறகுதான் மருந்தகத்துக்கு வந்தான். அப்போது அவன் மனைவி முழுகாமல் இருந்தாள்.

முதல் இரண்டு மாதம் அரியேத்தா ஒரு நாள்கூடத் தப்பவிடவில்லை. விடிந்ததும் தென்னம் பதநீர் இறக்குகிறவர்கள் மரத்தின் மேலிருந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவன் குடில் முன்னால் போய் நிற்பாள்.

"வந்துட்டா என் மூத்த பொண்டாட்டி," என்பான் தெபானோ. அண்ணன் மனைவியிடம் அப்படிப் பேச அவனுக்கு உரிமை உண்டு, அதைக் கேட்டுச் சிரிப்பது அவன் மனைவியின் கடமை. "கட்டினவ சோறு போடுறா, நீ கல்லப் போடுறே. இத்தனாம் பெரிசா இருக்கு ஒவ்வொண்ணும்."

"உன் வாய்க்கு இதெல்லாம் சின்னதுதான். முழுங்கு."

"முழுங்கினா என்ன தருவே?"

"முழுங்காட்டி ஒண்ணு தருவேன். தலைமாட்டுல நட்டு வைப்பாங்க, உன் பேரெழுதி."

இரண்டாம் மாத முடிவில் சளியைத் தாராவாவுக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று பதில் வந்தது. தெபானோவுக்குக் கன்னம் பிடித்தது, குரல் திரும்பியது. குழந்தையும் பிறந்தது. அவன் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு பாடுவதைக் கேட்டபடியே அரியேத்தா அட்டையில் சரி போட்டாள். நடப்பதெல்லாம் நன்றாக நடக்கிறது என்று ஒருவர் எண்ணிக்கொள்வதில் தப்பில்லை. தப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது பிறகு தெரிவது.

மூன்றாம் மாதத்தில் வடமுனைக் கிராமத்தார் புது மன்றம் கட்டி முடித்தார்கள். திறப்பு விழா பதினான்கு நாள். தீவின் எல்லா ஊரும் பாட்டோடும் பாயோடும் சேப்பங்கிழங்கோடும் போக வேண்டும். தென்முனைப் பாட்டுக்குத் தலைவன் தெபானோ. புறப்படும் காலையில் அவன் குளித்து, எண்ணெய் தடவி, கழுத்தில் பூச்சரத்தோடு மருந்தகத்துக்கு வந்தான். வாசல்படியில் உட்கார்ந்தான். விளையாட்டுப் பேச்சு இல்லை.

"அண்ணி, புபுசி. பதினாலு நாள் மாத்திரைய என் கையில குடு."

அரியேத்தா மருந்து பீரோவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நான் பார்த்துதான் குடுக்கணும், தெரியும்ல?"

"தெரியும். அதான் கேக்குறேன்."

அவளால் அவனோடு போக முடியாது. மருந்தகத்தை யாரிடம் விடுவது? அவனைப் போகாதே என்று சொல்லவும் முடியாது. ஊரே அவன் குரலை நம்பி நின்றது. கவுன்சில் தலைவரிடம் கேட்டிருக்கலாம், தாராவாவுக்கு ரேடியோவில் பேசியிருக்கலாம். இதெல்லாம் பின்னால் வந்து யோசிக்கிறவர்களுக்குத் தோன்றும் வழிகள். அவள் நாளுக்கு மூன்றாக நாற்பத்திரண்டு மாத்திரைகளை எண்ணி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். விழா முடிந்து வந்ததும் அவன் காலி டப்பாவைத் திருப்பித் தந்து, "எல்லாம் உள்ள போயாச்சு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவள் ஒரே மூச்சில் பதினான்கு சரிக்குறி போட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி காலையில் போய் நின்றாள்.

ஐந்தாம் மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது மறுபடி சளி அனுப்பினார்கள். அதன் பதில் ரேடியோவில் வந்தது. தாராவாவிலிருந்து ஒருவர் பேசினால் எல்லாத் தீவு மருந்தகங்களிலும் கேட்கும், அதனால் பேர் சொல்லமாட்டார்கள், எண் மட்டும் சொல்வார்கள். மருந்தக வாசலில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்து ரேடியோ கேட்பது வழக்கம்.

"அபெமாமா பதினேழு. கிருமி இருக்கு. திரும்பச் சொல்றேன், இருக்கு. செவ்வாய்க்கிழமை டாக்டர் வர்றாங்க. அட்டைய எடுத்து வச்சிருங்க. பதினேழு வீட்ட விட்டுப் போகக் கூடாது."

பதினேழு யாரென்று வாசலில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். அவர்கள் எழுந்து போனார்கள்.

ஐந்து மாதம் ஒழுங்காக மருந்து தின்றும் கிருமி சாகவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவனைத் தாராவாவுக்குக் கொண்டுபோய்க் கம்பிவலை போட்ட தனி வார்டில் வைப்பார்கள். ஒன்றரை வருஷ மருந்து. மாதக்கணக்கில் தினம் ஊசி, அந்த ஊசியில் காது போய்விடலாம். பாட்டுக்காரனுக்குக் காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் கிருமி அவன் மூச்சில் இருந்தால், அவன் மார்மேல் கிடக்கும் மூன்று மாதக் குழந்தையிடமும் போயிருக்கும். அந்தக் கிருமி பிடித்த குழந்தைக்குக் கொடுக்க அவள் பீரோவில் எதுவும் கிடையாது.

அன்றிலிருந்து அவள் இருமலை எண்ண ஆரம்பித்தாள். தேவாலயத்தில் ஜெபத்துக்கு நடுவே யார் இருமினாலும் திரும்பிப் பார்த்தாள். மீன் சுத்தம் செய்யும்போது பக்கத்துக் குடிலில் குழந்தை தும்மினால் கத்தி நின்றுவிடும். பவுரோ கோலா மீனைத் தீயில் வாட்டிக்கொண்டே கேட்டான்.

"உன் அட்டை சரியா இருக்குல்ல?"

"சரியா இருக்கு."

"பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே? அவன் விதி அது. நீ தினமும் போனே, ஊரே பார்த்துச்சே."

அந்தப் பதினான்கு கட்டங்கள் மூன்றாம் வரிசையின் தொடக்கத்தில் இருந்தன. மற்றச் சரிக்குறிகள் நாளுக்கு ஒன்றாகப் போட்டவை, ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று அழுத்தமாக இருக்கும். அந்தப் பதினான்கு மட்டும் ஒரே மையில், ஒரே சாய்வில், வரிசையாகப் பறக்கும் பறவைகள் மாதிரி இருந்தன. யார் பார்த்தாலும் தெரியும் என்று நினைத்தாள். ஒருவேளை யாருக்கும் தெரியாதோ என்றும் நினைத்தாள். எது அதிக பயம் தந்தது என்று சொல்வது கடினம்.

சனிக்கிழமை காலையில் வடமுனையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மருந்தகத்தின் முன்னால் நின்றது. கம்வேயா இறங்கினான். தெபானோவின் தாய்மாமன் மகன். முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் அவன் ஆறு வயது மகள். கம்வேயா ஒல்லியாக இருந்தான். அவன் பேசுமுன் இருமினான், அந்த இருமலையும் அரியேத்தா எண்ணினாள்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதே. புள்ளைக்கு ரத்தமாப் போகுது."

"எங்க?"

"மூத்திரத்துல. நாலு நாளா. என் பொண்டாட்டி அழுறா, யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு. ஒங்க ஊர்க்காரங்கதான்னு வேற சொல்றா."

"எங்க ஊர்க்காரங்களுக்கு வேற வேலை இல்ல பாரு. இந்த டப்பாவுல போகச் சொல்லு."

குழந்தை தென்னை மரத்தின் பின்னால் போய்விட்டு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது. அரியேத்தா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். ரத்தம் இல்லை. செம்மஞ்சள் நிறம், துரு பிடித்த தகரத்தில் ஓடிய மழைத்தண்ணீர் போல. அந்த நிறத்தை அவள் வருஷக்கணக்கில் அறிவாள். அவள் பீரோவில் காசநோய் மாத்திரை ஒன்றுதான் அந்த நிறத்தைத் தரும்.

"இவளுக்கு என்ன குடுத்தே?"

கம்வேயா மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் துடைத்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன். என்ன குடுத்தே?"

"இவளும் இருமினா. என் மாத்திரையில கொஞ்சம் கிள்ளிக் குடுத்தேன்."

"உன் மாத்திரையா?"

"தெபானோ மாத்திரை. எனக்குச் சிவப்பாப் போனப்ப நான் பயப்படல அண்ணி. நோவு வெளிய வருதுன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. புள்ளைக்கும் போகவேதான்..."

"விழாவுல குடுத்தானா?"

"விழாவுலதான் கேட்டேன். எலும்பா இருந்தவன் கொழுகொழுன்னு வந்து பாடுறான். எதத் தின்னேன்னு கேட்டேன். டப்பாவக் காட்டினான். புபுசின்னு சொன்னேன். பாதி குடுத்தான்."

அரியேத்தா நிம்மதி போல ஏதோ ஒன்றை ஒரு கணம் உணர்ந்தாள். பதினான்கு நாளில் பாதி. ஏழு நாள் மாத்திரை. அதுதான் கணக்கு. பிறகு கணக்கு உதைத்தது. விழா முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. குழந்தைக்கு நாலு நாளாகத்தான் போகிறது.

"அது எப்பவே தீர்ந்திருக்குமே."

"தீரலையே," என்றான் கம்வேயா, அவள் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் ஆச்சரியப்பட்டவனாக. "கொப்பரை லாரியில வாராவாரம் அனுப்புறானே. நான் குணமாகுற வரைக்கும்னு சொல்லித்தானே கேட்டேன்."

தெபானோ தன் குடிலில் பாய் மேல் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோ சொன்னதிலிருந்து குழந்தையை மாமியார் வீட்டில் விட்டிருந்தார்கள். அரியேத்தா உள்ளே ஏறவில்லை. வெளியே நின்றே கேட்டாள்.

"எப்படிடா? நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்?"

அவன் வலையைக் கீழே வைத்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். நாக்குக்கு அடியில் பல்லை ஒட்டிய பள்ளம். "இங்க ரெண்டு நிக்கும். ஒண்ண முழுங்குவேன். நீ சரி போட்டுட்டு அந்தப்பக்கம் திரும்பினதும் எடுத்துக் காய வச்சிருவேன்."

"தினமுமா?"

"சில நாள். சில நாள் மூணையும் முழுங்கிருவேன். அவன் ரொம்ப இருமுறதாச் சொல்லியனுப்பினா மூணையும் எடுத்து வச்சிருவேன்."

"எந்தெந்த நாள்?"

"அதெல்லாம் யாரு எழுதி வச்சா?"

"நான் எழுதி வச்சிருக்கேன்டா," என்றாள் அரியேத்தா. "நூத்தம்பது நாளும் எழுதி வச்சிருக்கேன். உன் புள்ள மொகத்தப் பார்த்தாவது தோணலையா? மூணு மாத்திரைங்கிறது மூணு பேருக்குப் பங்குன்னா நெனச்சே?"

"அண்ணி," என்றான் அவன் மெதுவாக. அவளைக் காயப்படுத்தும் எண்ணம் அவனுக்கு இல்லை, அதனாலேயே அது ஆழமாகப் பட்டது. "அவன் புபுசின்னு கேட்டான். நான் என்ன செய்ய? நான் கேட்டப்ப நீயும்தானே குடுத்தே?"

செவ்வாய்க்கிழமை விமானத்தில் டாக்டர் லோசலினி வந்தார். பிஜிக்காரர். பருமனான, வேகமாக நடக்கிற பெண்மணி. தாராவாவில் ஆறு வருஷம் வேலை பார்த்ததில் தீவின் மொழி அவருக்குக் கொச்சையாக வரும், கெட்ட வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வரும் என்பார்கள். மருந்தக மேசையில் மஞ்சள் அட்டையை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக விரலை ஓட்டினார். அரியேத்தா எதிரே நின்றாள். விரல் மூன்றாம் வரிசையில் நிற்கவில்லை. ஓடிப் போய்விட்டது.

"நல்ல வேலை," என்றார் லோசலினி. "ஒரு நாள் விடல. அப்ப விஷயம் மோசம். இவ்வளவு மருந்துக்கும் சாகலன்னா கெட்ட கிருமிதான். தாராவாவுல சோதிக்கிற கருவி இருக்கு, அதுக்குப் போடுற குப்பி வரல. சளிய ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பணும். பதில் வர ஏழு வாரம். அதுவரைக்கும் எனக்கு இருக்கிற கண்ணு இந்த அட்டை ஒண்ணுதான். நாளைக்கு அவனை என்னோட கூட்டிட்டுப் போறேன். ஊசியத் தொடங்கிடலாம்."

அரியேத்தா சொல்லிவிட்டாள். நின்றபடியே, வரிசை மாறாமல், பால்பவுடர் டப்பாவிலிருந்து நாக்குக்கு அடியில் இருந்த பள்ளம் வரைக்கும். கம்வேயாவும் மகளும் வெளியே மர நிழலில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள்.

லோசலினி கண்ணாடியைக் கழற்றினார். தன் மொழியில் எதையோ சொன்னார். வாழ்த்தாக இருக்க முடியாது.

"எங்க ஊர்லயும் உண்டு இது," என்றார். "கெரெகெரேன்னு சொல்வோம். என் அண்ணன் மகன் என் புது செருப்பக் கேட்டு வாங்கிட்டுப் போனான். அவன் காலுக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சும் குடுத்தேன். ஆனா மாத்திரைய..." அட்டையின் அடியில், மருந்து தப்பியதற்குக் காரணம் எழுதும் இடத்தைப் பார்த்தார். மறதி, பயணம், ஒவ்வாமை, மற்றவை என்று நாலு கட்டம் இருந்தது. மற்றவை என்ற கட்டத்தில், 'கேட்டார்கள்' என்று எழுதினார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீ பார்க்காத நாளையெல்லாம் அடி."

அரியேத்தா மூன்றாம் வரிசையில் அந்தப் பதினான்கையும் அடித்தாள். அதற்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் அடித்தாள். பேனா நிற்கவில்லை. மேலே போய் முதல் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு வரிசையையும் குறுக்காக அடித்தாள்.

"அது எதுக்கு? முதல் ரெண்டு மாசம் சளி சுத்தமாயிருந்ததே. அப்ப முழுங்கியிருக்கான்."

"எது எதுன்னு எனக்குத் தெரியல டாக்டர்."

லோசலினி அவளை உற்றுப் பார்த்தார். வாதாட நேரமில்லை. அட்டை செல்லாததாகிவிட்டது. அரைகுறையாக மருந்து தின்றவன் என்றால் பழைய மாத்திரையையே முதலிலிருந்து தொடங்கிப் பார்க்க இடமுண்டு. தெபானோவைக் கொண்டுபோகவில்லை. இரண்டு பேர் சளியும் ஐஸ் பெட்டியில் விமானம் ஏறியது. கம்வேயாவின் மகளுக்குக் குழந்தைகளுக்கான மருந்து எழுதினார். இரண்டு ஆண்களும் மருந்தகத்தின் பின்னால், காற்று வரும் பக்கம், தனிக் குடிலில் இருக்க வேண்டும். முடிவு வரும்வரை மாத்திரையை அரியேத்தாவே கொடுக்கட்டும், அவள் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம் என்று கவுன்சில் சொன்னது.

ஏழு வாரம். கிருமி கெட்டதாக இருந்தால், பழைய மாத்திரையைக் கொடுத்துக் கொடுத்து அதை இன்னும் கெட்டதாக்குகிறவள் அவள்தான். ஒவ்வொரு காலையும் அந்த எண்ணத்தோடுதான் பீரோவைத் திறந்தாள். குடில் முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்காருவாள்.

"வாயத் திற. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம். விரல வச்சு இழு."

"பல்லுப் பிடிச்சுப் பார்க்கிறா பாரு, பன்னி வாங்குற மாதிரி," என்பான் கம்வேயா.

"உன்ன யாரு வாங்குவா? ரெண்டு பேரும் கால் மணி நேரம் இங்கயே பேசிக்கிட்டிருங்க. பாடு தெபானோ. வாயில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியணும்."

தெபானோ பாடுவான். நடுவில் இருமல் வந்து பாட்டு அறுந்தால், மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள். தூரத்தில் மாமியார் குடிலிலிருந்து குழந்தை அழும் சத்தம் வரும். பசியா, காய்ச்சலா என்று அவள் காது அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும். நாளுக்கு இரண்டு தடவை போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெபானோவின் மனைவி மூன்றாம் வாரத்தில் சொன்னாள்: "நீ வந்து தொடும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு. வராதே."

நாலாவது வாரம் மாவு தீர்ந்தது, கப்பல் வரவில்லை. ஐந்தாவது வாரம் விமானம் பழுது என்று வரவில்லை. முடிவு வந்து தாராவாவில் கிடக்கிறதோ என்று அவள் ரேடியோ பக்கத்திலேயே சாப்பிட்டாள். ஆறாவது வாரத்தில் அவளே இருமினாள். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தன் சளியைத் தானே டப்பாவில் பிடித்து, தன் பேரை எழுதி, அதையும் அனுப்பினாள். அதில் ஒன்றுமில்லை என்று பின்னால் தெரிந்தது, வெறும் சளி.

எட்டாவது வாரம் லோசலினி நேரில் வந்தார். விமானப் படியிலிருந்து இறங்கும்போதே, ஓடுபாதை ஓரத்தில் நின்றிருந்த அரியேத்தாவைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். "கேக்குது," என்று கத்தினார். "மருந்து கேக்குது! ரெண்டு பேருக்கும் நல்ல கிருமி!"

நல்ல கிருமி என்ற பேச்சைக் கேட்டு ஓடுபாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அரியேத்தா டாக்டரின் பையை வாங்கிக்கொண்டு மருந்தகத்தை நோக்கி நடந்தாள். பவுரோ பின்னால் வந்தான்.

மருந்தகத்தில் லோசலினி பழைய மஞ்சள் அட்டையை மறுபடி மேசையில் வைத்தார். கவுன்சில் தலைவரோடு பேசி முடித்திருந்தார். அட்டை முழுவதும் பொய் என்றால் அதை எழுதியவளை வேலையில் வைத்திருக்க முடியாது, அது மருந்துக்குப் பணம் கொடுக்கும் எல்லா நாட்டாரும் ஒத்துக்கொண்ட சட்டம். ஆனால் ஒரு பகுதி பொய் என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும்.

"மேல் ரெண்டு வரிசைக்கு நீ சாட்சி இல்ல, அவன் சளியே சாட்சி," என்றார். "அடிச்சதுக்குப் பக்கத்துல மறுபடி சரி போட்டுக் கையெழுத்துப் போடு. உண்மையத்தான் கேக்குறேன். பொய் கேக்கல."

தெபானோ வாசலில் நின்றிருந்தான். "போடு அண்ணி," என்றான். "அப்பல்லாம் நெசமாவே முழுங்கினேன். நீ திட்டுற திட்டுக்குப் பயந்தே முழுங்கினேன். எம்புள்ள மேல சத்தியம்."

பவுரோவும் போடு என்றான். பதினோரு வருஷ வேலை. போட்டால் உண்மை, போடாவிட்டால்தான் அது பொய் என்று ஆகிறது. இந்த இடத்தில் நேர்மையைப் பற்றிப் பெரிதாகப் பேச முடியாது. நேர்மை சரி போடச் சொல்லும் பக்கத்தில் இருந்தது. ஆணவம் என்று சிலர் பிறகு சொன்னார்கள், களைப்பு என்று சிலர். இரண்டுக்கும் அவள் முகத்தில் ஆதாரம் இருந்ததாகத் தெரியவில்லை.

அரியேத்தா பேனாவை எடுத்தாள். முதல் வரிசையின் முதல் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள். அன்றைக்கு அவன் நாக்கைத் தூக்கிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. காலை நேரத்தில் பதநீர் இறக்குகிறவர்கள் எங்கோ மரத்தின் மேல் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஒரு சுற்று முடியும்வரை பேனா அங்கேயே நின்றது. பிறகு அதை மூடி, அட்டையின் மேல் குறுக்காக வைத்தாள். இடுப்பிலிருந்து பீரோச் சாவியை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.